திருபுவனைக்குப் போன ஆறு இறக்கைகள்

விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர், "ஊருக்கா?" என்று கேட்டார். "வேலைக்கு" என்றேன். சிங்கப்பூரிலிருந்து மெட்ராசுக்கு வேலைக்குப் போகிற ஆளை அவர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்திருக்க வேண்டும். தன் கைப்பையைக் காலடியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

என் மடியிலும் ஒரு பெட்டி இருந்தது. உள்ளே பஞ்சுக்கு நடுவில் ஆறு டர்பைன் இறக்கைகள். ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு. ஜெட் இன்ஜினுக்குள் நெருப்புக் காற்றைத் திசை திருப்பிவிட்டுக்கொண்டிருந்தவை. இப்போது கறுத்து, மயிரிழை மயிரிழையாக விரிசல் விட்டு, பென்ஷன் வாங்கப் போன கிளார்க்குகளைப் போல வரிசையாகப் படுத்திருந்தன.

மெட்ராஸ் சுங்கத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள்.

"இது இன்னா?"

"ஏரோப்பிளேன் இன்ஜின் பாகம் சார்."

அதிகாரி என்னையும் வெளியே ஓடுதளத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "நீ வந்த பிளேன்ல கழட்டினதா?"

இல்லை என்று நிரூபிக்க ஒரு மணி நேரமும் என்னிடமிருந்த காகிதங்கள் அத்தனையும் தேவைப்பட்டன.

எதற்காக இந்தப் பயணம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்த இறக்கைகள் நிக்கல் கலந்த உலோகம். விலை அதிகம் என்பதால் விரிசல் விட்டால் தூக்கிப் போட மாட்டோம், அடைப்போம். பிரேசிங் என்று பெயர். ஈயப்பற்று வைப்பதற்குப் பெரியண்ணன் மாதிரி. நிக்கல் பொடியைக் குழைத்து விரிசலின் வாயில் அப்பி, காற்றே இல்லாத உலையில் ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடாக்கினால், அது உருகி, திரியில் எண்ணெய் ஏறுவதுபோல விரிசலுக்குள் தானே போய்விடும். ஆனால் விரிசலின் சுவர் சுத்தமாக இருந்தால்தான் போகும். வருஷக்கணக்கில் நெருப்பில் கிடந்த விரிசலுக்குள், அடிப்பிடித்த பால் மாதிரி ஆக்சைடு ஒட்டிக்கொண்டிருக்கும். பிரஷ் உள்ளே நுழையாது; அமிலத்துக்கு அது அசையாது. எனவே, ஒட்டாத தோசைக்கல்லில் பூசுகிறார்களே டெஃப்லான், அதன் தூளை இறக்கைகளோடு ஒரு மூடிய சட்டிக்குள் வைத்து, ஹைட்ரஜனை ஓடவிட்டுச் சுடுவோம். அப்போது கிளம்பும் ஃபுளோரைடு வாயு விரிசலுக்குள் புகுந்து ஆக்சைடைத் தின்றுவிடும். விட்டால் மனிதனையும் தின்னும். அதனால் அதைச் சுண்ணாம்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் முக்கி எடுத்துத்தான் வெளியே அனுப்ப வேண்டும்.

இந்த வேலையைச் சிங்கப்பூரில் செய்து கட்டுப்படியாகவில்லை என்று எங்கள் மேனேஜருக்குத் தோன்றியது. பாண்டிச்சேரிப் பக்கம் திருபுவனைத் தொழிற்பேட்டையில் காதர் பாய் என்பவர் பிரான்சிலிருந்து ஒரு பழைய உலையை வாங்கிப் போட்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டார். யாரை அனுப்பலாம் என்று யோசித்தபோது, கம்பெனியில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான் இருந்தேன். என் மற்றத் தகுதிகளைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

கிளம்பும்போது ஒரு கேள்வியை மட்டும் கையில் கொடுத்தார். "அவர்கள் தனியாகச் செய்வார்களா, இல்லை ஒவ்வொரு தடவையும் நம் ஆள் போய்ப் பக்கத்தில் நிற்க வேண்டுமா? தனியாகச் செய்வார்களென்றால் மொத்த வேலையும் அவர்களுக்கு. நம் ஆள் நிற்க வேண்டுமென்றால் அவ்வப்போது கொஞ்சம்தான் அனுப்ப முடியும். அந்த ஆள் நீதான்."

அந்த வெயிலுக்கு அடிக்கடி போக யாருக்கு ஆசை? தனியாகவே செய்துவிடுவார்கள் என்று பதிலை அப்போதே முடிவு செய்துகொண்டு ஏறினேன்.

வில்லியனூரில் ஒரு துணிக்கடைக்கு மேலே அறை பார்த்து வைத்திருந்தார் காதர் பாய். ஐம்பத்தைந்து வயதிருக்கும். முன்பு அதே தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர். "நம்ம வூடு மாதிரி நெனச்சுக்கங்க தம்பி" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். அப்படித்தான் நினைக்க முடிந்தது. சிங்கப்பூரில் ஒன்பதாவது மாடியில் இருக்கும் என் வீட்டிலும் ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, ஒரு நாற்காலிதான். இங்கே நாற்காலி இல்லை.

காலையில் திருபுவனை பஸ். மலேசியாவின் ஜோகூருக்குப் போக நாங்கள் பாலத்தின் மேல் பாஸ்போர்ட்டோடு வரிசையில் நிற்போம். இங்கே கண்டமங்கலம் வந்தால் தமிழ்நாடு, அதைத் தாண்டினால் மறுபடியும் பாண்டிச்சேரி. நடுவில் நெல் வயலும் ஒரு எருமையும் தவிர எல்லைக்காவல் எதுவும் இல்லை. எல்லை எங்கே என்று கண்டக்டரைக் கேட்டேன். "இன்னாத்துக்கு, எறங்கப் போறியா?" என்றார்.

பஸ்ஸில் தினமும் யாராவது ஒருவர் கேட்பார்: "சார் எந்த ஊரு?" சிங்கப்பூர் என்பேன். "அது சரி, சொந்த ஊரு?" அதுவும் சிங்கப்பூர்தான் என்பேன். கொஞ்ச நேரம் என்னை உற்றுப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். பொய் சொல்கிறவனிடம் மேலும் பேச்சுக் கொடுப்பது மரியாதை இல்லை என்று நினைத்திருப்பார்கள்.

பட்டறையில் எனக்குக் கிடைத்தவர்கள் இருவர். ஒருவர் உலையைப் பார்த்துக்கொள்ளும் ஏழுமலை. செலியமேட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். சொன்னதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொள்ளும் பழக்கம் உள்ளவர். மற்றவர் கூட்டிப் பெருக்கி, டீ வாங்கி வந்து, எல்லோரையும் அதட்டும் அஞ்சலை. வயது என்னை ஒட்டித்தான் இருக்கும். முதல் நாள் "அக்கா" என்று கூப்பிட்டேன்.

"நான் உனக்கு அக்காவா? கண்ணாடில உன் தலைய பாத்தியா சார்? பேர் சொல்லியே கூப்பிடு."

மதியம் தொழிற்பேட்டை வாசலில் இருந்த கடையில் புரோட்டா தின்றேன். மூன்றாவது நாளும் நான் அங்கேயே போவதைப் பார்த்து, அஞ்சலை தன் தூக்குவாளியை என் மேசையில் ணங்கென்று வைத்தாள். "அந்த ரப்பரத் துன்னு துன்னு வயிறு இன்னாத்துக்கு ஆவும்? கருவாட்டுக் கொழம்பு. துன்னுட்டு கழுவி வை." கழுவி வைத்தேன். "சரியா கழுவல" என்று மறுபடி கழுவினாள். அன்றிலிருந்து புரோட்டாக் கடைக்காரர் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாயங்காலங்கள்தான் நீளம். கீழே துணிக்கடையில் ரேடியோ பாடும். குடும்பம் குடும்பமாக வந்து சேலையைப் பிரித்துப் பார்த்து மடிப்பார்கள். நான் படிக்கட்டில் உட்கார்ந்து, அந்தப் பச்சை நன்றாக இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருப்பேன். பெரும்பாலும் சிவப்பைத்தான் எடுத்தார்கள்.

சனிக்கிழமை முதல் சுத்தம். டெஃப்லான் தூள் இரண்டு தடவைக்குக் கொண்டு போயிருந்தேன், ஒன்று வேலைக்கு, ஒன்று விபத்துக்கு. ஏழுமலை சட்டியை மூடி முடுக்கினார். முதலில் ஆர்கன் வாயுவை விட்டுக் காற்றை விரட்டி, பிறகு ஹைட்ரஜன். வெளிக்குழாய் முனையில் மிச்ச ஹைட்ரஜன் சின்னச் சுடராக நின்று எரிந்தது. உலை ஆறி, சட்டியைத் திறந்தபோது இறக்கைகள் மங்கின சாம்பல் நிறத்தில், எந்தக் களையும் இல்லாமல் கிடந்தன. அப்படித்தான் இருக்க வேண்டும். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். விரிசல்கள் உள்ளே வரை வெறுமையாக இருந்தன. எனக்கு ஒரே சந்தோஷம்.

சந்தோஷம் வந்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது. டீயோடு வந்த அஞ்சலையிடம் தட்டைக் காட்டி, "பாத்தீங்களா, என் மூஞ்சி மாதிரியே இருக்கு. இதக் கொண்டுபோய்க் குடுத்தா மேனேஜர் என்னையும் சேத்துக் குப்பையில போட்டுடுவார்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "ஐயோ பாவம்" என்றாள். நான் அதைக் கவனித்திருக்க வேண்டும். தட்டை வெள்ளைத் துணியால் மூடி வைத்துவிட்டு, பிரேசிங்கைத் திங்கட்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்று கிளம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை வீராம்பட்டினத்துக்குப் போய்க் கடல் பார்க்கலாம் என்று பாகூர் பஸ்ஸில் ஏறினேன். அரியாங்குப்பத்தில் இறங்கி நடக்க வேண்டும். எனக்கு முன்னால் ஒரு புல்லுக்கட்டு, அதற்கு முன்னால் கோழியோடு ஓர் அம்மாள். எங்கள் ஊர் பஸ்ஸில் இறங்குவதற்கு ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அரியாங்குப்பம் வந்தபோது நான் தலைக்கு மேலே பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தேன். கோழி இறங்கிவிட்டது. புல்லுக்கட்டும் நானும் பாகூர் வரை போனோம்.

பாகூரில் ஏரி இருந்தது. கடல் மாதிரிதான் இருக்கிறது என்று என்னையே தேற்றிக்கொண்டு கரையில் நடந்தேன். எதிரே வந்தவர்கள் எல்லோரும் ஏதோ ஓர் இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். திரும்பிப் போக பஸ் வர நேரமாகும் என்றார்கள். ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போன ஒரு டிராக்டரை நிறுத்திக் கேட்டேன். ஓட்டுபவர் தன் பக்கத்தில் மட்கார்டின் மேல் ஏற்றிக்கொண்டார்.

"வூட்ல யாரெல்லாம் கீறாங்க சார்?"

"நான்தான்."

"வேற?"

"மின்விசிறி."

அவர் சிரித்த சிரிப்பில் டிராக்டர் ஓடைப் பக்கம் ஒதுங்கித் திரும்பியது. பாதி வழியில் சிரிப்பு நின்றுபோயிற்று. பின்னால் கையை நீட்டி ஒரு கரும்பை உருவி, காலில் வைத்து முறித்து, பெரிய பாதியை என்னிடம் கொடுத்தார். வில்லியனூர் வரை அதைக் கடித்துக்கொண்டு வந்தேன். யாராவது சிரித்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும். அன்றைக்கு இருக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் பட்டறைக்குள் நுழைந்தால் காதர் பாய், ஏழுமலை, அஞ்சலை மூவரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். அஞ்சலை முகத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண்ணைக் காட்டப்போகும் களை. வெள்ளைத் துணியை எடுத்தாள்.

ஆறு இறக்கைகளும் பொங்கல் பானை மாதிரி பளபளத்தன.

"ஞாயித்துக்கெழமை பூரா ஒக்காந்து தேய்ச்சேன்" என்றாள். "புளி, உப்பு, செங்கல் தூளு. இன்னா கறை, இன்னா கறை! இப்ப எடுத்துக்கினு போ. எந்த மேனேஜரு உன்ன இன்னா சொல்றான் பாப்போம்."

நான் உட்கார இடம் தேடினேன். ஏழுமலை ஸ்டூலை நகர்த்தினார்.

"சார், நான் பூட்டிட்டுதான் போனேன். சாவி இவங்ககிட்டயும் ஒண்ணு கீது" என்றார்.

காதர் பாய் ஓர் இறக்கையைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "தம்பி, நல்லாத்தானே இருக்கு? சுத்தமாத்தானே இருக்கு? அப்படியே மேல பூச்சைப் போட்டு அனுப்பிடலாமே?"

"மேலே பிடிக்கும் பாய். உள்ளே போகாது. அறுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்."

"இன்னா உள்ள போவாது?" அஞ்சலையின் குரல் உயர்ந்தது. "கறுப்பா இருந்தா சுத்தம், பளபளன்னு இருந்தா அழுக்கா? உங்க ஊர்ல அப்படித்தான் பாத்திரம் வெளக்குவீங்களா?"

நான் லென்ஸை எடுத்து அவள் கையில் கொடுத்து, ஒரு விரிசலைக் காட்டினேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"அடியாத்தி. செங்கல்லு."

மயிரிழை விரிசல்கள் அத்தனையிலும் சிவப்புத் தூள் கெட்டித்துப் போயிருந்தது. ஆக்சைடு இருந்த இடத்தில் இப்போது செங்கல் சூளை.

லென்ஸைத் திருப்பிக் கொடுத்தாள். முகம் சிவந்திருந்தது. "உன் மூஞ்சி மாதிரி கீதுன்னு நீதான சொன்ன? குப்பையில போடுவாங்கன்னு நீதான சொன்ன? தொடாதன்னு எங்கிட்ட யாரு சொன்னா? எல்லாத்தையும் ஏழுமலகிட்டயே சொல்லிக்கினு கீற. நான் பெருக்கறவதான?"

விளக்குமாறை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். அன்று தூக்குவாளி வரவில்லை. புரோட்டாக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் இலை போட்டார். அதற்கு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதே தேவலை.

சாப்பிட்டுக்கொண்டே யோசித்தேன். மேனேஜரின் கேள்விக்கு இப்போது நேர்மையான பதில் ஒன்று கிடைத்துவிட்டது: இவர்களைத் தனியே விட முடியாது, ஆள் நிற்க வேண்டும். சான்றுக்கு ஆறு பளபள இறக்கைகள். அந்த ஆள் நான். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை இந்த பஸ், இந்த எருமை, இந்தக் கருவாட்டுக் குழம்பு. கிளம்பும்போது தண்டனையாகத் தெரிந்தது, அந்த மேசையில் உட்கார்ந்திருந்தபோது தண்டனையாகத் தெரியவில்லை. ஆனால் காதர் பாய்க்கு அவ்வப்போது கொஞ்சம்தான் வேலை வரும். பிரான்சிலிருந்து வந்த உலை மற்ற நாளெல்லாம் ஆறிக் கிடக்கும்.

மதியம் அஞ்சலையைத் தேடிப் போனேன். தொட்டியடியில் சுண்ணாம்புச் சாக்கை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏழுமலைகிட்ட சொன்னதையெல்லாம் உங்ககிட்டயும் சொல்றேன். வர்றீங்களா?"

"எதுக்கு? மறுபடி இன்னா தப்பு பண்ணுவேன்னு பாக்கவா?"

"தப்பு பண்ணினது என் வாய். கை உங்களோடது."

"வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிப் போடு" என்றாள். ஆனால் எழுந்து வந்தாள்.

அடிப்பிடித்த பால், திரியில் ஏறும் எண்ணெய் எல்லாம் சொன்னேன். எண்ணெய் என்றதும் பிடித்துக்கொண்டாள். "திரில ஈரம் இருந்தா எண்ண ஏறாது. கையில கெடக்கற எண்ணையும் வேர்வையும் பட்டா இது ஏறாது. அதான?" அதேதான் என்றேன். இதைச் சொல்ல எங்கள் கம்பெனிக் கையேட்டில் நாலு பக்கம்.

இருந்தது ஒரே ஒரு தடவைக்கான தூள். இரண்டு நாள் இறக்கைகளை வெந்நீரில் முக்குவது, காற்றடிப்பது, லென்ஸில் பார்ப்பது, மறுபடி முக்குவது. செங்கல் லேசில் போகவில்லை. "நல்லாத்தான் தேய்ச்சிருக்கீங்க" என்று ஏழுமலை சொன்னதற்கு அஞ்சலை ஈரத் துணியை அவர் மேல் எறிந்தாள். மூன்றாம் நாள் விரிசல்களில் சிவப்பு இல்லை.

அதன் பிறகு நான் வெளியே போய் மரத்தடியில் ஒரு காலி மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். "நீங்களே செய்யுங்கள். என்னைக் கேட்கக் கூடாது" என்றேன். அவர்களைச் சோதிக்கத்தான் என்று சொன்னேன். எதிலாவது தடுமாறி என்னைக் கூப்பிடுவார்கள் என்றும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். இரண்டும் உண்மை.

உள்ளே ஏழுமலை தனக்குத்தானே சொல்லிக்கொள்வது கேட்டது. "மொதல்ல ஆர்கன். அப்பறம் ஹைட்ரஜன். மொதல்ல ஆர்கன்." வெளிக்குழாயில் சுடர் ஏறியது. சுண்ணாம்புத் தொட்டியில் குமிழ் வந்தது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

மறுநாளும் நான் ஜன்னலுக்கு வெளியே நிற்க, சட்டியைத் திறந்தார்கள். காதர் பாய் ஆசையாகக் கையை நீட்டினார். பளீரென்று ஒரு சத்தம்.

"கைய எடு பாய்! தலைக்கு எண்ண தேச்சிக்கினு வந்து தொடறியே!"

காதர் பாய் கையைத் தடவிக்கொண்டே ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். "தம்பி, பாத்தீங்களா, மொதலாளிய அடிக்குது இது." அவர் முகத்தில் அவ்வளவு பெருமையை நான் அதுவரை பார்த்ததில்லை.

இறக்கைகள் களையில்லாமல், சாம்பல் பூத்து, என் மூஞ்சி மாதிரியே இருந்தன. இம்முறை நான் அதைச் சொல்லவில்லை.

பிரேசிங் முடிந்து ஓர் இறக்கையைக் குறுக்கே அறுத்தோம். தேய்த்து மெருகேற்றி லென்ஸில் வைத்தேன். விரிசலின் வாயிலிருந்து அடி வரை வெள்ளிக் கோடாக இறங்கியிருந்தது. ஓர் இடத்திலும் அறுபடவில்லை. ஏழுமலை பார்த்தார். அஞ்சலை பார்த்துவிட்டு, "செங்கல்லு இல்ல" என்று மட்டும் சொன்னாள்.

சிங்கப்பூருக்கு டிரங்க் கால் பதிவு செய்து, காதர் பாயின் ஆபீசில் எல்லோரும் காத்திருந்தோம். மணி அடித்ததும் மேனேஜரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. வேலை நன்றாக வந்ததா என்றார். வந்தது என்று கத்தினேன். கேள்விக்குப் பதில் என்ன என்றார். நான் ஆங்கிலத்தில், தொழிற்பேட்டை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்: தனியாகச் செய்வார்கள். நம் ஆள் வர வேண்டியதில்லை. யாருமே வர வேண்டியதில்லை.

போனை வைத்ததும் அஞ்சலை, "இன்னா சொன்ன?" என்றாள்.

"மொத்த வேலையும் உங்களுக்குத்தான்னு சொன்னேன்."

ஏழுமலை விசிலடித்தார். காதர் பாய்க்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். அவர் விசிலடிக்கவில்லை. மற்ற இருவரும் வெளியே போன பிறகு, "யாரும் வர வேணாம்னா சொன்னீங்க தம்பி?" என்றார்.

"நீங்களே செய்வீங்கன்னு சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

ஆமாம் என்றேன். அவர் என் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தார்.

விழுப்புரம் போய் ரயில் பிடிக்க வேண்டும். பஸ் வருவதற்குள் ஏழுமலை ஆர்கனை இரண்டு தடவை ஒப்பித்துக் காட்டினார். அஞ்சலை ஒரு பொட்டலத்தை என் பையில் திணித்தாள். வறுத்த கருவாடு. விமானத்தில் என் பக்கத்தில் உட்காரப்போகிறவரை நினைத்துப் பரிதாபப்பட்டேன்.

"அடுத்த லோடுக்கு நீதான வருவ?" என்றாள்.

"நான் வர வேண்டியதில்லை. நீங்களே செய்யலாம்."

"அத கேக்கல. வேல இருந்தாத்தான் வருவியா?"

நாற்பது வருஷத்தில் என்னை யாரும் கேட்காத கேள்வி. பஸ் வந்து நின்றது. கண்டக்டர் "ஏறு ஏறு" என்று முதுகில் கை வைத்துத் தள்ள, பெட்டியும் பையுமாக உள்ளே போய் விழுந்தேன். திரும்பிப் பார்ப்பதற்குள் பஸ் வளைந்துவிட்டது.

மதகடிப்பட்டு தாண்டிய பிறகுதான் பதில் வந்தது. "வேலை இல்லாட்டியும் வருவேன்" என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் சத்தமாகவே சொன்னேன். அவர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.